கெபியில் வைத்த மாத்திரை

அருளு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்கு இன்றைக்குப் பொறுமை இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய்; போன ஞாயிற்றுக்கிழமைதான் இங்கே உட்கார்ந்து ஏழு தோசை தின்றுவிட்டுப் போனாய். நானும் நலம்தான், உன்மேல் இருக்கிற எரிச்சலைத் தவிர. கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகள் பாதிக்குமேல் பாக்கி. தையல்காரரிடம் அளவு கொடுத்தவன் துணியைக் கொடுக்காமலே பஸ் ஏறியிருக்கிறாய், அது இன்னும் கொடியில் தொங்குகிறது. உங்கப்பா பந்தலுக்கு மூங்கில் பார்க்கிறேன் என்று காலையிலேயே இண்டூருக்குக் கிளம்பிவிட்டார். அவர் வீட்டில் இருந்தால் இந்தக் கடிதத்தை எழுத விடமாட்டார். "நல்ல காரியம் நடக்கற வூட்ல இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்பார். எட்டு வருஷமாக அந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற மனுஷன். அதனால்தான் சத்துணவுக் கூடத்தை ஆயாம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்து, உட்கார்ந்திருக்கிறேன். வழக்கம்போல நின்றுகொண்டே கண்ணை ஓட்டாதே. உட்கார்ந்து படி.

நிச்சயம் முடிந்த பெண்ணைத் தாலி கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குக் கூட்டி வருவதா என்று உன் அத்தை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிரமிளாவின் அம்மாவும் கூட வந்திருந்ததால் தப்பித்தோம். ஆனால் அந்தப் பெண் வந்தது நல்லதாகப் போயிற்று. நீ உங்கப்பாவோடு கடத்தூர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் அடுப்படியில் என் எதிரே உட்கார்ந்து மொச்சை உரித்தாள். உன் லேபிலேயே வேலை பார்க்கிற பெங்களூர்ப் பெண்ணுக்கு உரிக்கத் தெரியுமா என்று நினைத்தேன், என்னைவிட வேகமாக உரித்தாள். பாதி கன்னடம் பாதி தமிழில், "அத்தே, ஒந்து மாத்து, ஒரே ஒரு வார்த்தை கேக்கலாமா? கோவிச்சுக்காதீங்க" என்றாள். கேளு கண்ணு என்றேன். "லேப்ல அவரோட வேலை முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. புரொபசர் எழுதிக் குடு, ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பலாம்னு தினமும் கேக்கறாரு. இவரு இன்னும் ஒரு தரம் பாக்கறேன், இன்னும் ஒரு தரம் பாக்கறேன்னு அஞ்சு தரம் பண்ணிட்டாரு. அஞ்சு தரமும் ஒரே ரிசல்ட்டு. நோட்டைப் பீரோல வெச்சுப் பூட்டிட்டாரு. அவருக்கு யாருகிட்டயாவது பயமா அத்தே?" என்று கேட்டாள்.

என்னடி ரிசல்ட்டு என்று சும்மாதான் கேட்டேன். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நம் வீட்டில் ஒரு பெண் இருந்தாள், செத்துப்போனாள் என்பதை மட்டும்தான் நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். அவள் சொன்னாள்: "மருந்தை விடாம ஊத்திட்டே இருந்தா, மஜ்ஜை செல்லுக்கு அடியில பதுங்கியிருக்கற கெட்ட செல்லும் மெல்ல மெல்லச் சாவுது. நடுவுல நாலு நாள் நிறுத்திட்டா அவ்ளோதான், அது நல்லா வேர் புடிச்சுக்குது. அப்புறம் அதே மருந்தை ஊத்தினாலும் பாதி கேக்கறதில்ல." எதற்கு நாலு நாள் என்று கேட்டேன். "அதுதான் எனக்கும் புரியல அத்தே. மத்தவங்கல்லாம் ஒரு நாள், ஒரு வாரம்னு வெப்பாங்க. இவரு மட்டும் நாலு நாள்தான்னு புடிவாதமா வெச்சாரு" என்றாள். அவளுக்குப் புரியாதது எனக்குப் புரிந்துவிட்டது, அருளு. அந்த நாலு நாளை உனக்குக் கொடுத்தவள் நான்தானே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் உங்கப்பாவும் வேர்க்கடலை மூட்டையோடு பெங்களூர் வந்தபோது நீ எங்களை உன் லேபுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாயே, அது நினைவிருக்கிறதா? செருப்பைக் கழற்றச் சொன்னாய், ஊர்ச் செருப்பாயிற்றே என்று உங்கப்பா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தாய். "பாரும்மா, இதுல வெறும் கெட்ட செல்லு மட்டும் வுட்டிருக்கேன். எவ்ளோ நல்ல சத்து ஊத்தினாலும் ரெண்டு மூணு நாள்ல செத்துருது. இந்தக் குப்பியில எலும்பு மஜ்ஜையில இருக்கற நல்ல செல்லுங்களப் பாய் மாதிரி அடியில வளத்துட்டு, அதுமேல கெட்டதைப் போட்டேன். அது நல்லதுக்கு அடியில பூந்துக்கிட்டு வாரக் கணக்கா உசுரோட இருக்குது. மருந்து ஊத்தினாக்கூட லேசுல அடங்க மாட்டேங்குது" என்றாய். மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்க வைத்தாய். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது, அதற்கு நீ சிரித்தாய். பிறகு தெரிந்தது. நீளநீளமாகக் கை நீட்டிப் படுத்திருந்த நல்ல செல்கள், அவற்றுக்கு அடியில் கல் பாவினாற்போல நெருங்கி உட்கார்ந்திருந்த மங்கலான வட்டங்கள். அதுதாம்மா அது என்றாய். என் மகளைத் தின்றதை அன்றைக்குத்தான் முதன்முதலில் நேரில் பார்த்தேன்.

எனக்கு அந்தக் கெட்ட செல்மேல் வந்ததைவிட நல்ல செல்மேல்தான் கோபம் வந்தது. "ஏண்டா, அதுக்கு அடியில எடம் குடுத்துச் சோறும் போடுதுங்களே, இந்த நல்லதுங்களுக்கு அறிவு வேணாமா?" என்று கேட்டேன். "அதுங்க வேலையே அதானம்மா. ரத்த செல்லு வந்து ஒட்டினா ஊட்டி வளக்கறது. இது நல்லது இது கெட்டதுன்னு பிரிச்சுப் பாக்க அதுங்களுக்குத் தெரியாது. சுத்தி இருக்கறதுதாம்மா அதைக் காப்பாத்துது. ஒரு மெல்லிசு சவ்வு வெச்சு ரெண்டையும் பிரிச்சுட்டா பாதிக்குமேல செத்துருது" என்றாய். எங்கள் கூடத்தில் வரிசையில் எந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் தட்டில் சோறு விழும். பதிவேட்டில் பேர் இருக்கிறதா என்று கரண்டி கேட்காது. அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து காபி குடிக்கும்போது நீ மெதுவாக, "பாத்தியாம்மா, அது முன்னயே உள்ள பதுங்கியிருந்தது. நீ நாலு நாள் நிறுத்தினதுல ஒண்ணும் ஆயிருக்காது" என்றாய். உங்கப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் காபி ஆறிவிட்டது என்று சொன்னேன்.

சரி, உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒருமுறை முழுசாகக் கேள். நீ அப்போது திருச்சி ஹாஸ்டலில் இருந்தாய், பாதியைக் கடிதத்தில் படித்தவன். ஸ்டெல்லாவுக்குப் பன்னிரண்டு வயது. பல் ஈறில் ரத்தம், காலில் நீலநீலமாகத் திட்டு, விடாத காய்ச்சல். தருமபுரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் புற்று, உடனே பெங்களூர் போங்கள் என்றார்கள். அங்கே இரண்டு மாதம் ஊசி, முதுகுத்தண்டில் ஊசி, முடியெல்லாம் கொட்டி என் மகள் முட்டைபோல ஆனாள். கடைசியில் ரத்தம் சுத்தமாகிவிட்டது என்றார்கள். நான் அந்த டாக்டரின் காலில் விழப் போனேன். அவர் தடுத்து, "ரத்தத்துல காணோம்னா ஊரை வுட்டே போயிருச்சுன்னு அர்த்தமில்லம்மா. எலும்புக்குள்ள எங்கியாவது இருக்கும். மூணு வருஷம் தினமும் மாத்திரை. ஒரு நாள்கூட வுடக்கூடாது" என்றார். அவர் சொன்னதற்கும் நீ குப்பியில் காட்டியதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவருக்கு மைக்ராஸ்கோப் இல்லாமலே தெரிந்திருந்தது. எனக்குத்தான் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் ஏறவில்லை.

ஒரு வருஷம் ஒழுங்காகக் கொடுத்தேன். மாத்திரை தின்றால் குமட்டல், வாயெல்லாம் புண். தயிர்ச் சோறுகூட எரிகிறது என்று அழுவாள். அழுதுகொண்டே கேலியும் பேசுவாள், அவள் வாய் உனக்குத் தெரியாதா. அந்த வருஷம் மாதா திருநாள் வந்தது. நம் பங்கில் என்ன வழக்கம்? திருநாளுக்கு விதைக்கடலை, பள்ளிக்கூடப் பை, புதுத் தாலிக்கயிறு, மருந்துப் புட்டி எல்லாவற்றையும் துணியில் முடிந்து, கோயில் கெபியில், அந்தக் கல்குகைக்குள் நிற்கிற மாதா காலடியில் வைப்போம். தேர் சுற்றி முடிந்து, பங்குச்சாமி தீர்த்தம் தெளித்த பிறகுதான் எடுக்க வேண்டும். நடுவில் கை வைக்கக் கூடாது. விதைக்கடலை காத்திருக்கும். மருந்து காத்திருக்குமா? அந்தப் புத்தி எனக்கு இல்லை. அந்த வருஷ மாத்திரை பூராவையும் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சாமியிடம் கேட்டிருந்தால் அவரே திட்டி எடுத்துக் கொடுத்திருப்பார், நான் கேட்கவில்லை. உன் அத்தை என் கையைப் பிடித்து, "இனிமே மாதா பாத்துக்குவா, நீ பயப்படாத" என்றாள். தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். ஸ்டெல்லாதான், "ஏம்மா, மாதா என் மாத்திரைய முழுங்குனா மாதாவுக்கும் வாயில புண்ணு வருமா?" என்று கேட்டாள். போடி கழுதை என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். வாழ்க்கையில் அந்த ஒரு அடிக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூன்று மாதத்தில் நீலத் திட்டு திரும்பவும் வந்தது. மறுபடியும் பெங்களூர். டாக்டர் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நடுவுல எத்தன நாள் வுட்டீங்க?" என்று கேட்டார். "திருநாளுக்காக நாலு நாளுங்க டாக்டர்" என்றேன். அவர் தாளில் எழுதிக்கொண்டார். "நாலு நாள்தான்னா, மாத்திரை தின்னுட்டிருக்கும்போதேதான் வந்திருக்கு. அப்ப இந்த மருந்து இனி இவளுக்குக் கேக்காது. இதைவிடக் கடுமையானதுக்குப் போகணும்" என்றார். போனார்கள். அந்தக் கடுமையான மருந்து என் பிள்ளையை என்ன பாடு படுத்தியது என்பதை நான் எழுத மாட்டேன். கடைசி வாரத்தில் நீயும் வந்து பார்த்தாயே.

அதற்குப் பிறகு நீ ரத்தப் புற்றைப் பற்றித்தான் படிப்பேன் என்று நின்றபோது ஊரே உன்னை மெச்சியது. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீ எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும், நான் கேட்கிறேனோ இல்லையோ, ஒரு பத்தி வந்துவிடும்: உன்மேல் தப்பில்லை அம்மா, சுற்றியிருக்கிற மஜ்ஜைதான் காப்பாற்றியிருக்கிறது, நாலு நாளில் ஒன்றும் ஆகாது. அட, நான் உன்னைக் கேட்டேனா? அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் மாடு கத்துகிறது, அதற்கு நடுவில் தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கிறது மகனுடைய மன்னிப்பு. எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும் தெரியுமா? நீ கண்டுபிடிக்கப் போனது நோயையா, இல்லை உன் அம்மாவுக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழா? நாலு நாள் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்று நிரூபிக்கத்தானே அந்த வேலையை ஆரம்பித்தாய்? ஆகிறது என்று குப்பி சொல்லிவிட்டது. அஞ்சு தரமும் சொல்லிவிட்டது. உடனே பூட்டிவிட்டாய். இதற்காடா உனக்கு அவ்வளவு படிப்பு?

நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அம்மா தாங்க மாட்டாள் என்று நினைக்கிறாய். எனக்கு ஐம்பத்து மூன்று வயது ஆகிறது, தினமும் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன், முட்டை அழுகல் வந்தால் லாரிக்காரனையே நடு ரோட்டில் நிறுத்திச் சண்டை போடுகிறேன். நான் தாங்குவேன். தாங்க முடியாதது எது என்று சொல்லட்டுமா? நீயும் உங்கப்பாவும் அத்தையும் எட்டு வருஷமாக என்னைச் சுற்றிப் படுத்துக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று ஊட்டிக்கொண்டே இருக்கிறீர்களே, அதுதான். எனக்குள் இருக்கிற கெட்டது எப்போதோ செத்திருக்க வேண்டும். நீங்கள் சுற்றி இருந்து வளர்த்தீர்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாசத்தில்தான். குப்பியில் இருந்த நல்ல செல்களுக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்றாயே. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு நான் சொல்ல இருப்பதும் இது ஒன்றுதான். பிரமிளா தப்புச் செய்தால் தப்பு என்று சொல். சண்டை போடுவாள், போடட்டும், மொச்சை உரிக்கிற வேகத்தைப் பார்த்தால் நன்றாகவே போடுவாள். அவள் தாங்க மாட்டாள் என்று நீயாக முடிவு செய்துகொண்டு எதையும் பூட்டி வைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாண ஓலையை இரண்டாம் முறை வாசித்தார்கள். நீ என் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டாய். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சாமி படித்தபோது நான் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். உன் கல்யாணத்துக்கு என்னிடம் தடை ஒன்றுமில்லை, சாமி. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் எட்டு வருஷம் அந்தக் கோயிலில் முட்டி போட்டவள் நான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம் என் பாவத்தைச் சொல்லிவிட்டேன், அபராதமாகக் கொடுத்த ஜெபமாலையும் சொல்லி முடித்துவிட்டேன். கடவுளுக்குத் தெரியும். உங்கப்பாவுக்கும் தெரியும்; டாக்டர் கேட்டபோது பக்கத்தில் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார், இன்றுவரை நிமிரவில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத்தான் தெரியாது.

நாலு நாள் இல்லை, அருளு.

கொடியேற்றின அன்றைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். கொடி இறங்கும்வரை பத்து நாள். நீ தேருக்கு முந்தின நாள்தான் ஹாஸ்டலிலிருந்து வந்தாய், உனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பத்து நாளில் அவள் வாய்ப்புண் ஆறிவிட்டது. மாதாதான் ஆற்றினாள் என்று நினைத்தேன். மாத்திரை நின்றதால் ஆறியது என்று நினைக்க மனசு வரவில்லை. பொட்டலத்தை எடுத்து வந்த அன்றைக்கு அவள் களியும் கீரைக் குழம்பும் கேட்டாள். ஒரு வருஷமாகக் கஞ்சி தவிர எதுவும் இறங்காத பிள்ளை, இரண்டு உருண்டை தின்றுவிட்டு மூன்றாவது கேட்டாள். எரியுதா என்றேன். "எரியலம்மா, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றாள். இன்னும் இரண்டு நாள் நன்றாகத் தின்னட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று பொட்டலத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு நாள் ஆறு நாள் ஆயிற்று. கோயில்மேலோ வழக்கத்தின்மேலோ பழி போட முடியாத ஆறு நாள் அது. என் கையால் நானே வைத்தது. என் மகள் சிரித்துக்கொண்டு தின்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன், வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் திட்டுவார் என்று பயந்து நாலு என்றேன். அவர் அந்த நாலை நம்பித்தான் பழைய மருந்து கேட்காது என்று முடிவு செய்தார். பதினாறு என்று சொல்லியிருந்தால் பழைய மருந்தையே இன்னொரு முறை கொடுத்துப் பார்த்திருப்பாரோ என்னவோ. குப்பி வேறு, என் பிள்ளை வேறு. எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று நீ சொல்வாய். சொல்லாதே. எனக்குப் பதில் வேண்டாம். நீ நாலு நாளுக்குப் பயந்து ஒன்றரை வருஷமாக மூடி வைத்திருக்கிறாய். எந்த ஊரிலோ ஒருத்தி வாய்ப்புண் ஆறட்டும் என்று இன்றைக்கு மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள்கூட விடாதே என்று அவளுடைய டாக்டர் சொல்வார், ஏன் என்று சொல்ல அவர் கையில் ஒன்றும் இருக்காது. அது உன் பீரோவில் இருக்கிறது.

அதனால் கல்யாணத்துக்கு வருவதற்கு முன்னால் எழுதி புரொபசரிடம் கொடுத்துவிட்டு வா. கொடுக்காமல் வந்தால் பந்தலில் எல்லார் முன்னாலும் கேட்பேன், என்னைத் தெரியுமல்லவா உனக்கு. இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்த டாக்டர் இன்னமும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் என்று நீ சொன்னாய். போய்ப் பார். ஸ்டெல்லாவின் பழைய கேஸ் ஷீட்டை எடுக்கச் சொல். அதில் நாலு என்று இருக்கும். அதை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதச் சொல். இத்தனை வருஷம் கழித்து யார் சொன்னது என்று கேட்பார்.

அவள் அம்மா சொன்னாள் என்று சொல்.